ஒரு கிலோமீட்டர் ரைபிள் கேட்டு வந்தவர்: மதுரையில் நடந்த ஒரு துப்பாக்கித் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு ஐப்பசி மழை வரைக்கும் இழுத்த விவகாரம் இது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். தன் பெயரும் கிளப்பின் பெயரும் வேண்டாம் என்றார், அதனால் விட்டுவிடுகிறேன். கிளப்பில் துப்பாக்கிகளைப் பராமரிப்பதும் புதிதாக வருகிறவர்களுக்குக் கூட நின்று உதவுவதும் என் வேலை. பயிற்சியாளர் வேறு ஒருவர்.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் அரிசி ஆலை, குடும்பம் மதுரையில். 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஆரம்பித்து, 50 மீட்டரில் படுத்துச் சுடும் ப்ரோன் பிரிவுக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. சுட்டதெல்லாம் கிளப்பின் பழைய அன்ஷூட்ஸ் ரைபிளில்தான். அறுபது தோட்டாவுக்கு அதிகபட்சம் 654.0 என்ற தசமக் கணக்கில் 580-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்தார். மோசமில்லை, ஆனால் மேலே ஏறவே இல்லை.

ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது) வெண்கலம் வாங்கினார். அந்த வாரம் கிளப்புக்குப் புதிதாக வந்தவர்களும் அதிகம், பழைய ஆட்களுக்கு வந்த ஆசைகளும் அதிகம். இவருக்கு வந்த ஆசை வேறு மாதிரி. தொலைதூரம் சுடும் வீடியோக்களை இரவெல்லாம் பார்த்திருக்கிறார். போனில் ஒரு பட்டியலோடு வந்தார்: பின்லாந்தின் சாக்கோ டிஆர்ஜி 22, அதே தொழிற்சாலையின் டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1, இங்கிலாந்தின் அக்யூரசி இண்டர்நேஷனல், அமெரிக்காவின் ருகர் பிரிசிஷன் ரைபிள். "அண்ணே, இதுல எதுண்ணே நல்லது? காசு பாக்க வேணாம், ஒரு கிலோமீட்டர் அடிக்கணும்."

தாத்தா காலத்தில் வீட்டில் .315 ரைபிளும் அதற்கு லைசென்ஸும் இருந்ததாம். அதனால் லைசென்ஸ் ஒரு பெரிய விஷயமே இல்லை என்ற நினைப்பு.

தாளில் பார்த்த ஒப்பீடு

பயிற்சியாளர் எடுத்த எடுப்பிலேயே "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று சொல்லியிருந்தால் அவர் வேறு எங்கேயாவது போய் யாரிடமாவது ஏமாந்திருப்பார். அதனால் பட்டியலை உட்கார்ந்து பார்ப்போம் என்றார். நல்ல முடிவு.

அந்த நான்கிலும் அடிப்படை ஒன்றுதான். போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது), எதிலும் முட்டாமல் தனியாக நிற்கும் கனத்த பேரல், கன்னமும் தோளும் படும் இடங்களைத் திருகி மாற்றிக்கொள்ளும் வசதி. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் கைவேலைக்காரர்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கித் தந்த துல்லியத்தை இன்று இயந்திரக் கடைசலிலேயே எடுத்துவிடுகிறார்கள். 2015-ல் வந்த ருகர் பேசப்பட்டது அதனால்தான்: நடுத்தர விலையில் அந்த அளவு துல்லியம். சாக்கோவிலும் அக்யூரசியிலும் கூடுதல் காசு போவது பெரும்பாலும் உழைப்புக்கு. குளிர், மணல், ஈரம் எதிலும் சுணங்காமல் ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி வேலை செய்வதற்கு. நூறு மீட்டரில் காகிதத்தில் பார்த்தால் இந்த நான்குக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் தெரியாது.

தூரம் கூடக் கூட ரைபிளைவிடத் தோட்டாதான் பேசும். 1950-களில் வந்த .308-ஐயும் 2007-ல் ஹார்னடி கொண்டுவந்த 6.5 கிரீட்மூரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மெலிந்து நீண்ட குண்டு, காற்றைக் கிழித்துப் போகும். ஆயிரம் கெஜத்தில் குறுக்குக் காற்று அதைத் தள்ளும் தூரம் .308-ஐவிட ஏறக்குறைய கால் முதல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கு விலையும் உண்டு. கிரீட்மூர் பேரல் இரண்டாயிரம், மூவாயிரம் தோட்டாவில் தேய ஆரம்பித்துவிடும், .308 அதைவிட வெகுநாள் தாங்கும்.

இந்த இடத்தில் பயிற்சியாளர் சொன்ன ஒரு தகவல்தான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது. அக்யூரசி இண்டர்நேஷனலைத் தொடங்கியவர்களில் ஒருவரான மால்கம் கூப்பர் 1984 லாஸ் ஏஞ்சலஸிலும் 1988 சியோலிலும் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய தொலைதூர ரைபிளை உருவாக்கிய ஆள், 50 மீட்டரில் சுடுகிற இந்தச் சின்ன .22 தோட்டாவில் வளர்ந்தவர்.

அப்புறம் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். பெரிய தோட்டாவில் சுடும் 300 மீட்டர் போட்டியின் டார்கெட்டில், பத்து மதிப்பெண் தரும் நடு வளையத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர். 50 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர். இந்தச் சின்னப் பத்தை அதே கோணத்தில் 300 மீட்டர் வரை நீட்டினால் ஆறேகால் சென்டிமீட்டர்தான் வரும். அதாவது பத்தின் அளவை வைத்துப் பார்த்தால், தினம் படுத்துச் சுடுகிற இந்த டார்கெட்தான் கறார். "300-ல காத்து அதிகம்ல சார்?" என்று ஆலைக்காரர் கேட்டார். அதிகம்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியிடம் எதிர்பார்க்கிற துல்லியம் 50-ல் குறைவு என்று அவர் வைத்திருந்த எண்ணம் அன்றோடு போனது.

சட்டமும் இடமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே யோசிக்க அதிகம் இல்லை. 2016 ஆயுத விதிகளின்படி .303, 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்கள் தடை செய்யப்பட்ட வகை. அந்த 7.62-ஐச் சுடக்கூடியது என்பதால் .308 அங்கேயே அடிபட்டுப் போகிறது. மற்ற அளவுகளில் வெளிநாட்டு ரைபிளை ஒரு தனிநபர் இறக்குமதி செய்யும் வழி நடைமுறையில் போட்டி வீரர்களுக்கானது. அதற்குத் தேசிய அளவில் சுட்டுத் தகுதி மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும், எந்தப் பிரிவுக்கு வாங்குகிறோம் என்று காட்டவும் வேண்டும். தாத்தாவின் .315 லைசென்ஸ் இதற்கு எந்த வகையிலும் உதவாது.

அடுத்தது, எங்கே சுடுவது? மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பொதுமக்கள் போய் ஒரு கிலோமீட்டர் சுடுவதற்குச் சுடுதளம் கிடையாது. "நம்ம காடு நாகமலைக்கு அந்தப் பக்கம் கெடக்கு, ஒருத்தரும் வர மாட்டாங்க" என்றார். சொந்த நிலமாக இருந்தாலும் அங்கே சுட்டுப் பழக முடியாது, அதற்கு உரிமம் பெற்ற சுடுதளம் வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஒருத்தரும் வராத நிலம் என்று நம் பக்கம் ஒன்று உண்டா? சாதாரண .22 தோட்டாவே ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகக்கூடியது. இவர் கேட்ட வகைத் தோட்டாக்கள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு போகும். அந்தத் தூரத்துக்குள் ஆடு மேய்க்கிறவர், பம்புசெட்டுக்குப் போகிறவர், கோயில் பாதை என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். இதில் பயிற்சியாளர் கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் பேசினார்.

முதல் முடிவு அன்றே வந்துவிட்டது. பெரிய அளவுத் தோட்டா வேண்டாம், 50 மீட்டரிலேயே நிற்பது. இரண்டாவது கேள்வி உடனே முளைத்தது: "அப்ப .22-லயே நல்ல ரைபிள் வாங்கிருவோமா?"

களத்தில் பார்த்தது

அவர் கண் வைத்தது வால்தர் கேகே500 மேல். அலுமினிய ஸ்டாக் (தோளிலும் கன்னத்திலும் பட்டு ரைபிளைத் தாங்கும் உடல்), பார்க்கவே வேறு உலகம். கிளப்பில் ஒரு மூத்த உறுப்பினரிடம் அது இருந்தது. கிளப்பின் பழைய அன்ஷூட்ஸோ மர ஸ்டாக், வார்னிஷ் போய் கன்னம் படும் இடம் கறுத்துக் கிடந்தது. இரண்டுமே ஜெர்மனியில் உல்ம் என்ற ஒரே ஊரில் செய்தவை என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு.

வாங்குவதற்கு முன் இரண்டையும் வைத்துச் சோதிப்பது என்று முடிவானது. காரணம் இதுதான். ஒருவருடைய மதிப்பெண் ஏறாமல் நிற்பதற்குப் பேரல் காரணமாக இருக்கலாம், தோட்டா காரணமாக இருக்கலாம், ஸ்டாக் உடம்புக்குப் பொருந்தாததாக இருக்கலாம், காற்றையும் கானலையும் படிக்கத் தெரியாததாக இருக்கலாம். நான்கும் ஒரே டார்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், எது எது என்று பிரிக்காமல் கடைக்குப் போனால் காசு தப்பான இடத்துக்குப் போய்விடும்.

முதல் சுற்றில் ரைபிளை மேசையில் இரும்புப் பிடியில் இறுக்கி வைத்தோம். ஆள் ட்ரிகரை மட்டும் தொட வேண்டும். காலை ஆறரைக்கு, காற்று எழுவதற்கு முன். தோட்டா மூன்று லாட் (லாட் என்றால் ஒரே தடவையில் தயாரித்த தொகுதி): கிளப்பில் எல்லோரும் சுடுகிற நடுத்தர விலைத் தோட்டா ஒன்று, எலி கம்பெனியின் டெனெக்ஸ் என்ற உயர்ரகப் போட்டித் தோட்டாவில் வேறு வேறு லாட் இரண்டு. டெனெக்ஸ் பெட்டியின் பக்கவாட்டில் லாட் எண்ணோடு அந்த லாட்டின் வேகமும் அச்சிட்டிருக்கும், அதை நோட்டில் குறித்துக்கொண்டோம்.

ஒரு தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் முதல் சில குண்டுகள் சம்பந்தமே இல்லாமல் சிதறின. இது பழைய சங்கதிதான். .22 ஈயக் குண்டின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கையில் எடுத்தால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு. பேரல் உள்ளே முந்தைய பூச்சு போய்ப் புதியது படியும் வரை குரூப் (காகிதத்தில் குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) நிலைக்காது. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு பத்துப் பதினைந்து தோட்டாவை மண்மேட்டில் சுட்டுவிட்டு அப்புறம்தான் காகிதத்தில் சுட்டோம். அவருக்கு மனசு தாங்கவில்லை, ஒவ்வொரு டெனெக்ஸும் என்ன விலை என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டே இருந்தார்.

ஐந்து குண்டு குரூப்புக்குப் பதில் பத்துக் குண்டு குரூப்பாகச் சுட்டு வெர்னியரில் அளந்தோம். ஐந்து குண்டு மட்டும் என்றால் ஒரு தடவை அதிர்ஷ்டமாக ஒரே ஓட்டையாக விழும், அடுத்த தடவை விரியும், எதை நம்புவது?

நடுத்தரத் தோட்டாவில் இரண்டு ரைபிளும் ஒரே மாதிரி பரவின, வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு இருபது மில்லிமீட்டரைச் சுற்றி. டெனெக்ஸ் முதல் லாட்டில் வால்தர் தெளிவாக முந்தியது. பதினான்கு, பதினைந்து என்று இறங்க, அன்ஷூட்ஸ் பதினெட்டில் நின்றது. இவர் முகத்தில் "நான் அப்பவே சொல்லல?" என்று எழுதி ஒட்டியிருந்தது. இரண்டாவது லாட்டில் அது தலைகீழானது. அன்ஷூட்ஸ் பதினைந்துக்கு வந்தது, வால்தர் கொஞ்சம் விரிந்தது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், பெட்டியில் லாட் எண் மட்டும் வேறு.

ஏன் என்பதற்கு ஒரு பகுதி விளக்கம் கணக்கிலேயே இருக்கிறது. .22 போட்டித் தோட்டா வினாடிக்கு 330 மீட்டர் அளவில்தான் போகும், ஒலியின் வேகத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள். அந்த வேகத்தில் 50 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் குண்டு சுமார் 12 சென்டிமீட்டர் விழுந்துவிடும். ஒரு தோட்டாவுக்கும் இன்னொன்றுக்கும் வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் போதும், அடி ஏழெட்டு மில்லிமீட்டர் கீழே போகும், கிட்டத்தட்ட ஒரு வளையம். பேரல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இது போக ஒவ்வொரு பேரலுக்கும் அதில் தோட்டா உட்காரும் அறைக்கும் பிடித்த லாட் என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் வீரர்கள் தங்கள் ரைபிளோடு தோட்டாக் கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கே போய், பல லாட்களைச் சுட்டுப் பார்த்து ஒன்றை எடுத்து மொத்தமாக வாங்குவது இதற்காகத்தான். நமக்கு அந்த வசதி இல்லை. வருகிற லாட்டில் தேட வேண்டியதுதான்.

இரண்டாவது சுற்று, பிடி இல்லாமல் அவரே படுத்துச் சுட்டது. இங்கேதான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. பத்து மணிக்கு மேல் மேற்குக் காற்று எழுந்தது. ஆடி முடிந்தும் அந்த ஆண்டு காற்று விடவில்லை. மணிக்கு 15 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 50 மீட்டரில் .22 குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளும், ஏறக்குறைய மூன்று வளையம். இவர் காற்றைக் காட்டும் கொடியைப் பார்க்காமல் சுட்டுக்கொண்டிருந்தார். ப்ரோனில் டெலஸ்கோப் கிடையாது, ரைபிளின் பின்குறியான டயாப்டரின் சின்னத் துளை வழியாகப் பார்க்கும்போது கானல் கறுப்பு வட்டத்தை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டும், அதையும் இவர் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு ரைபிளிலும் இடவலமாக ஒரே அளவு சிதறல்.

ஆனால் அன்ஷூட்ஸில் கூடவே மேல்கீழ்ச் சிதறலும் இருந்தது, வால்தரில் அது குறைவு. பயிற்சியாளர் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து வெகுநேரம் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளப் ரைபிள் பொதுச் சொத்து. முந்தின நாள் சுட்டவர் ஆறடி, இவர் ஐந்தரை. தோளில் படும் பட் பிளேட்டின் நீளம், கன்னப் பலகையின் உயரம், கைத்தாங்கியின் இடம் எல்லாம் அவர் வைத்தபடியே இருந்தன. இவர் ஒவ்வொரு குண்டுக்கும் கழுத்தை நீட்டி டயாப்டரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். வால்தரின் சொந்தக்காரர் அதை இரவல் கொடுக்கும்போது, பெரிய மனசோடு, இவர் உயரத்துக்குத் திருகித் தந்திருந்தார். இவர் சொல்லிவந்த "வால்தர் சுகமா இருக்குண்ணே" என்பதில் பாதி இதுதான்.

எடுத்த முடிவும் காரணமும்

இப்போதைக்குப் புது ரைபிள் வாங்குவதில்லை. அந்தக் காசில் ஒரு பகுதிக்கு, அன்ஷூட்ஸுக்குப் பிடித்த அந்த டெனெக்ஸ் லாட்டில் கிடைத்த பெட்டிகளையெல்லாம் கிளப் கணக்கில் இவருக்காக ஒதுக்கிக்கொண்டோம். போட்டிக்கு முந்தைய பயிற்சிக்கும் போட்டிக்கும் மட்டும் அது, மற்ற நாளில் நடுத்தரத் தோட்டா. உடம்பளவுக்கு ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். ஸ்டாக்கில் இருக்கும் அளவுகோல் எண்களை எல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி, சுட வரும்போதெல்லாம் முதலில் அவற்றைத் தன் அளவுக்கு மாற்றிவிட்டுத்தான் படுப்பது என்று ஆனது. இதற்குச் செலவு ஓர் ஆலன் சாவி.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. வால்தரின் சொந்தக்காரர் கடைசிவரை வாதாடினார்: வசதி இருக்கிறவன் சொந்த ரைபிள் வாங்கினால் அளவு மாற்றும் பிரச்சினையே இல்லையே, எதற்கு இந்தச் சுற்றுவழி? அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பகிர்ந்து சுடும் ரைபிளில் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது என்பது என் எண்ணமும்தான். ஆனால் லைசென்ஸ் கைக்கு வருவதற்கே மாதக்கணக்கில் ஆகும், அதுவரைக்கும் காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று பயிற்சியாளர் முடித்துவிட்டார்.

பிறகு நடந்தது

மார்கழி வாக்கில் மதிப்பெண் 590-களுக்கு வந்தது. மேல்கீழ்ச் சிதறல் போனது உடனே தெரிந்தது, காற்று மட்டும் மெதுவாகத்தான் வசப்பட்டது. கொடி ஒரே மாதிரி ஆடும் வரை காத்திருந்து சுடுவது, மாறினால் விரலை எடுத்துவிடுவது. எளிதாகத் தெரியும், ஆனால் கடிகாரம் ஓடும்போது கை சும்மா இருக்காது. கோடையில் ஒருமுறை மதிப்பெண் சரிந்தது. தோட்டாப் பெட்டியை வெயிலில் காரில் வைத்துவிட்டு வந்திருக்கிறார், அன்று அடி எல்லாம் வழக்கத்துக்கு மேலே விழுந்தது.

2025 நடுவில் 600-ஐத் தாண்டினார். அதற்குள் லைசென்ஸும் வந்துவிட்டது. போட்டியை விட்டு விலகிய ஒரு மூத்த வீரரிடமிருந்து அன்ஷூட்ஸ் ஒன்றை முறைப்படி மாற்றி வாங்கிக்கொண்டார். வால்தர் இல்லை, புதியதும் இல்லை. அதற்குப் பிடித்த லாட்டைத் தேடும் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, ஏனென்றால் கிளப் ரைபிளுக்குப் பிடித்தது இதற்குப் பிடிக்கவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

சோதனையின் வரிசையை மாற்றுவோம். முதலில் ஆளைப் படுக்க வைத்து ஸ்டாக்கைப் பொருத்திவிட்டு, அப்புறம் இரும்புப் பிடி. அப்படிச் செய்திருந்தால் ஒரு பெட்டி டெனெக்ஸாவது மிஞ்சியிருக்கும். இரவல் ரைபிளை ஒருவருக்குப் பொருத்தித் தந்து, மற்றதை அப்படியே விட்டு ஒப்பிட்டது சரியான ஒப்பீடு இல்லை. இரண்டையும் பொருத்த வேண்டும், அல்லது இரண்டையும் விட வேண்டும்.

லாட்டுக்கு ஒரு பத்துக் குண்டு குரூப் போதாது, நாலைந்தாவது வேண்டும். பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு குரூப்பில் தற்செயலாகவும் வரலாம். இரண்டு லாட்டிலும் திருப்பித் திருப்பிச் சுட்டுப் பார்த்த பிறகுதான் பயிற்சியாளரே அதை நம்பினார். தோட்டாவின் வெப்பநிலையையும் நோட்டில் எழுதுவோம், மதுரை வெயிலுக்கு அது அவசியம்.

சட்ட விவரத்தை முதல் நாளே, ரைபிள் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். பட்டியலைப் பார்க்காமல் சட்டத்தை மட்டும் சொன்னால், குறுக்குவழி தெரிந்தவன் எவனையாவது தேடிப் போவார்கள் என்பது அவர் கணக்கு. அதனால் அதை மட்டும் மாற்றவில்லை. இப்போது யாராவது ஒரு கிலோமீட்டர் ரைபிள் கேட்டு வந்தால் அந்த 10.4 மில்லிமீட்டர் கணக்கை இந்த ஆலைக்காரரே உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறார், எனக்கு அந்த வேலை மிச்சம்.